கல்லாவில் சேரும் கொடை யாருடையது? பிரிட்டிஷ் பேரங்காடிகளின் அறப்பணிக் கணக்கை வாசிக்கும் முறை

பிரிட்டனின் பெரிய பேரங்காடி நிறுவனங்கள், உள்ளூர்ச் சமூகங்களுக்குத் தாங்கள் செய்த உதவியின் மதிப்பை ஆண்டறிக்கைகளில் பெரும்பாலும் ஒரே தொகையாகத் திரட்டிச் சொல்கின்றன. செய்திகளும் அந்தத் தொகையையே எடுத்துத் தலைப்பிடுகின்றன. அதே கடைகளில் பில் போடும் இடத்தில், மீதிச் சில்லறையை நன்கொடையாகத் தர விருப்பமா என்று கேட்கப்படும் வாடிக்கையாளருக்கோ, தான் தரும் காசைக் காட்டி நிறுவனம் வரிச்சலுகை பெற்றுக்கொள்கிறதோ என்ற ஐயம் எழுகிறது. அறிக்கையில் உள்ள பெருமிதத்துக்கும் கல்லா அருகே எழும் ஐயத்துக்கும் காரணம் ஒன்றுதான்: பேரங்காடியின் அறப்பணி என்ற ஒரே பெயரின் கீழ், வெவ்வேறு மனிதர்களின் பணமும் பொருளும் உழைப்பும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் யார் எதைக் கொடுத்தார்கள், அந்தக் கொடை எவ்வளவு காலம் நிலைக்கும், அதனால் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல முடியும்.

இந்தக் கட்டுரை பிரிட்டனை மையமாகக் கொண்டது. கடைகளின் அறப்பணி குறித்த சட்டங்களும் வழக்கங்களும் அங்கே பலகாலமாக உருவாகி வந்திருப்பதே அதற்குக் காரணம். லங்காஷயர் பகுதியிலுள்ள ராச்டேல் நகரத்தில் 1844ஆம் ஆண்டு தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை, பின்னர் தன் உபரியில் இரண்டரை சதவீதத்தை உறுப்பினர்களின் கல்விக்கென ஒதுக்கியது. வாசகசாலையும் நூலகமும் அந்தப் பணத்தில் இயங்கின. ஊருக்குச் செய்வதை வியாபாரக் கணக்கின் ஓர் உறுப்பாகவே எழுதிவைத்த கடைகள் அங்கே இருந்திருக்கின்றன.

பணம் புறப்படும் இடங்கள்

ஒரு பேரங்காடி தன் அறப்பணியாக அறிவிக்கும் தொகையில் பொதுவாக நான்கு ஊற்றுகள் கலந்திருக்கும்.

1. நிறுவனத்தின் சொந்த லாபம். பங்குதாரர்களுக்குப் போயிருக்க வேண்டிய, அல்லது புதிய கடை திறக்கவோ விலையைக் குறைக்கவோ ஊதியத்தை உயர்த்தவோ பயன்பட்டிருக்கக்கூடிய பணம் இது. பிரிட்டனில் பெரிய நிறுவனங்களின் லாபத்தின் மீது 2023 ஏப்ரல் முதல் 25 சதவீத நிறுவன வரி விதிக்கப்படுகிறது. தொண்டு நிறுவனத்துக்குத் தரும் தொகையை வரிக்குரிய லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியும் என்பதால், 100 பவுண்டு கொடுக்கும் நிறுவனத்துக்கு உண்மையில் ஆகும் செலவு 75 பவுண்டு. மீதி 25 பவுண்டு அரசுக்கு வராமல் போன வரி. வரிச்சலுகையைக் கொண்டு நிறுவனம் லாபம் ஈட்ட முடியாது, செலவைக் குறைத்துக்கொள்ளத்தான் முடியும்.

2. வாடிக்கையாளரின் பணம். உண்டியலில் போடும் நாணயம், அட்டையில் பணம் செலுத்தும்போது கூட்டித் தரும் சில பென்ஸ், தேவைப்படுவோருக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கிக்கென வாங்கி வாசலருகே உள்ள பெட்டியில் வைத்துவிட்டுப் போகும் பருப்பு டின், பாஸ்தா பொட்டலம் ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

3. ஊழியரின் ஊதியமும் நேரமும். மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லிக் கொடுக்கும் தொகை, விடுமுறை நாளில் செய்யும் தொண்டு, நிதி திரட்ட ஓடும் ஓட்டம் ஆகியவை ஊழியருடையவை. வேலை நேரத்திலேயே, ஊதியத்தோடு தொண்டுக்கு அனுப்பப்படும்போது அந்த நேரத்தின் விலையை நிறுவனம் ஏற்கிறது. இரண்டையும் ஊழியர் தொண்டு என்று ஒரே பெயரில் எழுதும் அறிக்கை முக்கியமான ஒரு வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

4. விற்காமல் மீந்த சரக்கு. கொடுக்காவிட்டால் குப்பைக்கோ கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனுக்கோ கால்நடைத் தீவனத்துக்கோ போயிருக்கும் பொருள் இது.

சரக்கு வழங்கும் நிறுவனங்களின் பணத்தை ஐந்தாவதாகச் சேர்க்கலாம். மார்பகப் புற்றுநோய்க்கான அறக்கட்டளைகளுக்காக ஆஸ்டா பேரங்காடி 1996 முதல் நடத்திவரும் டிக்கிள்டு பிங்க் இயக்கத்தில், ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் திரட்டும் நிதியோடு, இளஞ்சிவப்பு உறையிட்ட பொருள்களைத் தயாரிக்கும் நிறுவனங்களின் பங்கும் சேர்கிறது. இயக்கத்தின் பெயரில் கடையின் முகம் தெரிந்தாலும், திரண்ட நிதி பல கைகளிலிருந்து வந்தது.

கல்லா அருகே கேட்கப்படும் சில்லறை

வாடிக்கையாளரின் ஐயத்துக்கு நேரடியாகவே விடை சொல்லலாம். கல்லாவில் நீங்கள் நன்கொடையாகத் தரும் பணம் கடையின் வருமானம் ஆகாது. தொண்டு நிறுவனத்துக்கு ஒப்படைக்கும் வரை கடை அதைக் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வருமானமாக எழுதப்படாத பணத்தைச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள வழியில்லை. அமெரிக்காவிலும் நிலைமை இதுவே. ஆனாலும், கடைகள் வாடிக்கையாளரின் சில்லறையால் வரி மிச்சம் பிடிக்கின்றன என்ற தவறான செய்தி அங்கே சமூக ஊடகங்களில் திரும்பத் திரும்ப வலம் வருகிறது.

ஆனால் வேறொரு இழப்பு உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பிரிட்டனில் வருமான வரி செலுத்தும் ஒருவர் தொண்டு நிறுவனத்துக்கு நேரடியாக ஒரு பவுண்டு கொடுத்து, கிஃப்ட் எய்ட் எனப்படும் உறுதிமொழிப் படிவத்தையும் நிரப்பித் தந்தால், அந்த நிறுவனம் அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெற்றுக்கொள்ளலாம். கொடுத்தவர் ஏற்கெனவே செலுத்திய வரி இப்படித் தொண்டு நிறுவனத்துக்குத் திரும்புகிறது. கல்லாவில் நொடிப்பொழுதில் தரப்படும் சில்லறைக்குப் பெயரோ முகவரியோ கையெழுத்தோ இல்லாததால், அந்தக் கால் பங்கைப் பெரும்பாலும் கோர முடிவதில்லை. யோசித்துச் செய்யும் பெரிய நன்கொடைக்குக் கல்லா சரியான இடமல்ல. வேறு வழியில் வந்தே இராத சிறு தொகைகளை, பல ஆயிரம் பேரிடமிருந்து செலவின்றித் திரட்டுவதில்தான் அதன் பயன் இருக்கிறது. அட்டை இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்திச் சில பென்ஸ் தரும் முறையைப் பென்னீஸ் என்ற தொண்டு அமைப்பு 2010இல் பிரிட்டனில் தொடங்கியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பொருளின் உறை மீதே அறக்கொடை வாக்குறுதி அச்சிடப்பட்டிருந்தால் விதி இன்னும் கடுமையானது. பிரிட்டனின் 1992ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டம், விற்பனையில் ஒரு பகுதி தொண்டுக்குப் போகும் என்று சொல்லி வணிகம் செய்வோர், அந்தத் தொண்டு நிறுவனத்துடன் எழுத்துமூல ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும் என்றும், எவ்வளவு போகும் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. லாபத்தில் ஒரு பங்கு என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது அங்கே செல்லாது. ஒரு பொட்டலத்துக்கு இத்தனை பென்ஸ் என்று குறிப்பிட்டிருக்கும் உறையை நம்பலாம். குறிப்பிடாத உறையைக் கேள்வி கேட்கலாம்.

பைக்கு வாங்கிய காசு

கடையின் பணத்துக்கும் வாடிக்கையாளரின் பணத்துக்கும் இடைப்பட்ட ஒன்று உண்டு: பிளாஸ்டிக் பைக்கான கட்டணம். மக்களை மிகவும் குழப்புவதும், உள்ளூர் அமைப்புகளுக்குப் பெருந்தொகையைக் கொண்டுவந்து சேர்த்ததும் இதுவே.

வேல்ஸில் 2011இலும், வட அயர்லாந்தில் 2013இலும், ஸ்காட்லாந்தில் 2014இலும், இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 5ஆம் தேதியிலும் இக்கட்டணம் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் முதலில் 250 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்திய ஐந்து பென்ஸ் கட்டணம், 2021 மே மாதத்தில் பத்து பென்ஸாக உயர்ந்து எல்லாக் கடைகளுக்கும் விரிந்தது. இங்கிலாந்தில் இது வரியன்று, வசூலித்த பணம் அரசின் கருவூலத்துக்குச் செல்லாது. அது கடையின் விற்பனை வருமானம். அதிலிருந்து ஆறில் ஒரு பங்கை மதிப்புக் கூட்டு வரியாகச் செலுத்தி, நியாயமான செலவுகளைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை நற்பணிகளுக்குத் தர வேண்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று இங்கிலாந்தின் விதிமுறை சொல்லவில்லை. எத்தனை பை விற்றது, எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று பெரிய நிறுவனங்கள் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம். கணக்கு வெளியாகும் என்ற நிலையே பெரும்பாலான நிறுவனங்களைக் கொடுக்க வைத்தது.

டெஸ்கோ பேரங்காடி தன் பைக் கட்டணத்தை, கிரவுண்ட்வொர்க் என்ற தொண்டு அமைப்பின் துணையோடு, பேக்ஸ் ஆஃப் ஹெல்ப் என்ற பெயரில் உள்ளூர் அமைப்புகளுக்கு நல்கைகளாக வழங்கியது. விளையாட்டுத் திடல், பள்ளித் தோட்டம், முதியோர் மன்றம், சாரணர் கூடம் எனப் பெருநிதி அமைப்புகளின் கண்ணில் படாத சிறு பணிகள் அதனால் நடந்தன. ஆனால் இந்த ஊற்றின் இயல்பிலேயே ஒரு முரண் இருந்தது. ஏழு பெரிய பேரங்காடி நிறுவனங்கள் 2014ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 760 கோடிப் பைகளை வாடிக்கையாளர்களுக்கு வழங்கியிருந்தன. கட்டணம் வந்த பிறகு அந்த எண்ணிக்கை அரசின் கணக்குப்படி 95 சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிட்டது. சட்டத்தின் நோக்கமே அதுதான் என்பதால் மகிழ வேண்டிய சரிவு இது. ஆயினும் நோக்கம் நிறைவேற நிறைவேற நிதி வற்றிப்போகும் ஓர் ஏற்பாட்டை நம்பி, ஒரு சமூகக் கூடம் தன் மாத வாடகையைத் திட்டமிட முடியாது. டெஸ்கோ பின்னர் ஐந்து பென்ஸ் பைகளையே நிறுத்தியது. நல்கைத் திட்டத்தின் பெயரும் மாறியது. 2023 முதல் அது குழந்தைகளை முன்வைத்து ஸ்ட்ராங்கர் ஸ்டார்ட்ஸ் என்ற பெயரில் நடக்கிறது.

ஓர் அறிக்கை, கடந்த ஆண்டுகளில் மொத்தமாக இவ்வளவு கொடுத்தோம் என்று பல ஆண்டுகளின் கூட்டுத்தொகையைச் சொன்னால், அதை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். பழைய பைக் கட்டணத்தின் பெருந்தொகை, பிந்தைய ஆண்டுகளின் மெலிவை மறைத்துவிடக்கூடும்.

மீந்த உணவின் பயணம்

கடைகளின் உணவுக் கொடையைப் புரிந்துகொள்ள முதலில் உறை மீது அச்சிடப்படும் இரு தேதிகளை வேறுபடுத்த வேண்டும். ஒன்று, இந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பது. இறைச்சி, மீன், பால் பொருள்கள் போன்றவற்றில் காணப்படும் இது பாதுகாப்பு குறித்தது. அந்தத் தேதி கடந்த உணவை விற்கவோ தானமாகத் தரவோ கூடாது. மற்றொன்று, இந்தத் தேதிக்கு முன்னால் உண்டால் சுவை சிறக்கும் என்பது. இது தரம் குறித்தது. பிஸ்கட், அரிசி, டின்னில் அடைத்த பொருள்கள் ஆகியவை அந்தத் தேதி கடந்த பிறகும் உண்ணத் தகுந்தவையாகவே இருக்கும், தானமும் செய்யலாம். உண்ணத்தக்க உணவு குப்பைக்குப் போவதில் கணிசமான பங்கு இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் நேர்கிறது.

இன்று பிரிட்டனில் ஒரு கடையின் மீந்த உணவு ஊருக்குப் போய்ச் சேரும் வழி பெரும்பாலும் பின்வருமாறு அமைந்திருக்கிறது.

1. மாலையில் ஊழியர் ஒருவர் அடுக்குகளைச் சுற்றிவந்து, அன்றோ மறுநாளோ தேதி முடியும் பொருள்களை எடுத்து, கையடக்கக் கருவியால் ஸ்கேன் செய்து, எவ்வளவு ரொட்டி, எத்தனை பொட்டலம் கீரை என்று பதிகிறார்.

2. அந்தக் கடையோடு இணைக்கப்பட்ட உள்ளூர் அமைப்புக்கு, அது வீடற்றோர் விடுதியாகவோ பள்ளியின் காலை உணவுக் குழுவாகவோ இருக்கலாம், கைப்பேசியில் தகவல் போகிறது.

3. வேண்டும் என்று அவர்கள் பதில் அனுப்பினால் பொருள் அவர்களுக்காக எடுத்துவைக்கப்படுகிறது. தொண்டர் ஒருவர் வந்து பெற்றுச் செல்கிறார். இல்லையென்றால் அடுத்த அமைப்புக்குத் தகவல் போகிறது.

அயர்லாந்தில் தோன்றிய ஃபுட்கிளவுட் என்ற அமைப்பின் தொழில்நுட்பமும், 1994இல் உருவாகிய ஃபேர்ஷேர் என்ற தொண்டு நிறுவனத்தின் வலையமைப்பும் இந்த முறைக்கு அடித்தளம். ஃபேர்ஷேருக்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு: கடைக்கு வந்து சேரும் முன்பே கிடங்கிலும் தொழிற்சாலையிலும் மிகுந்துவிடும் உணவை லாரிக்கணக்கில் பெற்றுப் பிரித்து அனுப்புவது. உணவு வங்கிகளின் வேலை வேறு. சால்ஸ்பரி நகரத்தில் 2000ஆம் ஆண்டில் முதல் உணவு வங்கியைத் தொடங்கிய டிரஸல் அமைப்பின் வலையமைப்பு, பெரும்பாலும் பொதுமக்கள் வாங்கித் தரும், நாள்பட்டு இருக்கக்கூடிய உணவைக் கொண்டு இயங்குகிறது. மீந்ததைப் பகிர்வதும் வாங்கிக் கொடுப்பதும் வேறு வேறு சங்கிலிகள். முதலாவதில் கடை தன் சரக்கைத் தருகிறது, இரண்டாவதில் கடை இடத்தைத் தருகிறது, பொருளை வாடிக்கையாளர் தருகிறார். அப்படி வாங்கித் தரப்படும் பொருளின் விற்பனை லாபம் கடைக்கே சேர்கிறது என்பதால்தான், சில நிறுவனங்கள் அந்தக் கொடையின் மதிப்பில் ஒரு பங்கைத் தம் பணமாகவும் சேர்த்துத் தருகின்றன. சேர்க்காத நிறுவனம் அந்தப் பெட்டியால் விற்பனையைப் பெருக்கிக்கொள்கிறது என்ற குறைக்கு நியாயம் இருக்கிறது.

மேற்சொன்ன மூன்று படிகளில் மிக நலிந்த கண்ணி முதலாவது. கடை மூடும் நேரத்தில் ஆள் குறைவு. அடுக்கு நிரப்பவும் தரை துடைக்கவும் வேண்டியிருக்கும். மீந்ததை ஸ்கேன் செய்வதற்கென்று தனியாக அரை மணி நேரம் பணிப்பட்டியலில் ஒதுக்கப்படாவிட்டால், அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். தலைமையகம் வெளியிடும் கொள்கை அறிக்கையைவிட, அந்த அரை மணி நேரத்துக்கு ஊதியம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே ஓர் ஊருக்கு உணவு போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது தடை, நேரம். இரவு எட்டு மணிக்குத் தகவல் பெற்று ஒன்பது மணிக்குள் வண்டியோடு வர ஒரு சிறு தொண்டு அமைப்பால் எல்லா நாளும் இயலாது. வந்தாலும், அவர்களிடம் குளிர்பெட்டி இருக்க வேண்டும், மறுநாளே சமைத்துவிட வேண்டும். வாங்கும் பக்கத்தின் செலவு எந்தக் கடையின் அறிக்கையிலும் எழுதப்படுவதில்லை.

பிரான்ஸ் இதைச் சட்டமாக்கியது. 2016 பிப்ரவரி 11ஆம் தேதிச் சட்டம், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே பாழாக்குவதைத் தடுத்து, தொண்டு அமைப்புடன் கொடை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றது. கொடுத்த உணவின் மதிப்பில் 60 சதவீதம் வரை வரியில் கழிவும் உண்டு. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அமெரிக்காவோ வேறு வழியில் போனது: நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவர் மீது, கடும் கவனக்குறைவு இல்லாத வரை, வழக்குத் தொடர முடியாது என்று 1996ஆம் ஆண்டின் பில் எமர்சன் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அங்கே கடைகளைத் தடுத்தது வழக்கு குறித்த அச்சம் என்று கருதப்பட்டது. பிரான்ஸில் தடுத்தது அக்கறையின்மை என்று கருதப்பட்டது.

மீந்த உணவுக்கு எந்த விலையைப் போட்டு அறப்பணித் தொகையில் சேர்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. அன்றிரவே தேதி முடியும் ரொட்டியைக் காலை விற்பனை விலையில் கணக்கிட்டால் தொகை வீங்கும். கடை அதை அப்புறப்படுத்தவும் செலவழித்திருக்க வேண்டும்; குப்பைமேட்டில் கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் வரி விதிக்கும் முறை பிரிட்டனில் 1996 முதல் இருக்கிறது, அதன் விகிதமும் தொடக்கத்தில் இருந்ததைப் போலப் பல மடங்காகிவிட்டது. ஆகவே மீந்த உணவைத் தருவது கடைக்கும் ஆதாயமே. அதனால் அதன் பயன் குறைந்துவிடாது. பசியோடு வருபவருக்கு அது முழு உணவுதான். ஆனால் அறிக்கையில் அதைப் பணக் கொடையோடு கூட்டாமல், இத்தனை டன் அல்லது இத்தனை வேளை உணவு என்று தனியே எழுதுவதுதான் நேர்மையான கணக்கு.

ஊழியர் தரும் ஊதியமும் நேரமும்

பிரிட்டனில் ஊதியவழிக் கொடை என்ற ஏற்பாடு 1987 முதல் நடைமுறையில் உள்ளது. ஊழியர் தான் விரும்பும் தொண்டு நிறுவனத்தையும் தொகையையும் சொல்லிவிட்டால், வருமான வரி கணக்கிடும் முன்பே அந்தத் தொகை சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. அரசு அங்கீகரித்த முகவர் அமைப்பு அதைப் பெற்று 35 நாள்களுக்குள் தொண்டு நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும். 20 சதவீத வரிப்படியில் உள்ளவர் பத்து பவுண்டு கொடுத்தால் அவர் கைக்கு வரும் ஊதியத்தில் எட்டு பவுண்டு மட்டுமே குறையும். சிறிய தொகையாயினும் மாதந்தோறும் தவறாமல் வருவதால், தொண்டு நிறுவனங்கள் இத்தகைய கொடையைப் பெரிதும் மதிக்கின்றன. ஒரே ஒரு முறை வரும் பெருந்தொகையை வைத்துக்கொண்டு ஓர் ஆலோசகரை வேலைக்கு அமர்த்த முடியாது. மாதாமாதம் வரும் சிறுதொகையை நம்பி அமர்த்த முடியும்.

இதற்கு மேல், ஊழியர் திரட்டும் தொகைக்கு ஈடாக நிறுவனமும் ஒரு தொகை சேர்ப்பதை ஈட்டுக்கொடை என்று சொல்லலாம். இதில் ஊழியரின் விருப்பமே நிறுவனத்தின் பணத்துக்கு வழிகாட்டுவதால், தலைமையகத்துக்குப் பெயரே தெரியாத ஓர் ஊரின் சிறு மருத்துவ இல்லத்துக்கும் பணம் போய்ச் சேர்கிறது. ஆனால் ஈட்டுக்கொடைக்கு உச்சவரம்பு உண்டு. அதைக் கேட்டுப் பெற ஊழியர் விண்ணப்பிக்கவும் வேண்டும். பகுதிநேர ஊழியர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதைக் கடை மேலாளர் எடுத்துச் சொல்லாவிட்டால், ஒதுக்கிய தொகை செலவாகாமலே கிடக்கும்.

நேரத்தைக் கொடுப்பதில் ஜான் லூயிஸ் கூட்டாண்மை ஒரு தனித்த முன்மாதிரி. வெயிட்ரோஸ் கடைகளையும் உள்ளடக்கிய இந்த நிறுவனம், ஜான் ஸ்பீடன் லூயிஸ் 1929இல் செய்த ஏற்பாட்டைத் தொடர்ந்து ஊழியர்களின் நலனுக்கான அறக்கட்டளை வழியாக அவர்களுடைய உடைமையாக இருந்துவருகிறது. 2000ஆம் ஆண்டில் அது தொடங்கிய கோல்டன் ஜூபிலி அறக்கட்டளை, ஊழியர் ஒருவர் ஆறு மாதம் வரை முழு ஊதியத்தோடு தொண்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்ற வழிசெய்தது. ஆண்டுக்கு ஒரு நாள் வரிசையாக நின்று பூங்காச் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. கிடங்குக் கணக்கும் சரக்குப் போக்குவரத்தும் தெரிந்த ஒருவர் ஆறு மாதம் உட்கார்ந்து ஓர் உணவு வங்கியின் இருப்பு முறையைச் சீரமைத்தால், அவர் திரும்பிப் போன பிறகும் அந்தச் சீர்திருத்தம் நிற்கும். பேரங்காடிகள் ஊருக்குத் தரக்கூடியவற்றில் மிக அரியது அவற்றின் ஊழியர்களிடம் உள்ள இந்தத் தொழில்திறன்தான்; மிகக் குறைவாகத் தரப்படுவதும் அதுவே.

டெஸ்கோ, ஆஸ்டா, மாரிசன்ஸ் ஆகியவை தம் கடைகளில் சமூகப் பொறுப்பாளர் என்ற பணியில் ஊழியர்களை வைத்திருக்கின்றன. அந்தந்த ஊரைச் சேர்ந்த இவர்கள் பள்ளிகளையும் மன்றங்களையும் நேரில் அறிந்தவர்கள். இந்தப் பணிக்கென வாரத்தில் எத்தனை மணி நேரம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். விற்பனை மந்தமானால் முதலில் வெட்டப்படுவதும் அந்த மணி நேரங்கள்தாம்.

எந்தப் பணிக்குப் போவது என்று தீர்மானிப்பவர் யார்

வெயிட்ரோஸ் 2008இல் ஒரு முறையை அறிமுகப்படுத்தியது: பொருள் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பச்சை வில்லை (டோக்கன்) தரப்படும், வாசலருகே உள்ள மூன்று பெட்டிகளில், தனக்குப் பிடித்த உள்ளூர்ப் பணியின் பெட்டியில் அதை அவர் போட வேண்டும், மாதம் ஆயிரம் பவுண்டு, விழுந்த வில்லைகளின் விகிதத்தில் மூன்றுக்கும் பகிரப்படும். டெஸ்கோவின் நீல வில்லை முறையும் இதை ஒத்தது. கூட்டுறவுப் பேரங்காடியான கோ-ஆப் 2016இல் உறுப்பினர்கள் அதன் சொந்தத் தயாரிப்புகளை வாங்கும் தொகையில் ஒரு சதவீதத்தை உள்ளூர்ப் பணிகளுக்கு ஒதுக்கி, எந்தப் பணிக்கு என்பதை உறுப்பினரே தேர்ந்தெடுக்கச் செய்தது.

வில்லை போடுபவர் தன் பணத்தைக் கொடுக்கவில்லை. கடையின் பணம் எங்கே போகட்டும் என்று வாக்களிக்கிறார். மக்களுக்குச் சொல்லுரிமை கிடைப்பது நல்லதே. ஆனால் நாய்க்குட்டிகளின் படம் ஒட்டிய பெட்டியும், போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான விடுதியின் பெட்டியும் அருகருகே இருந்தால் எது நிரம்பும் என்பதை யாரும் ஊகிக்கலாம். மக்களின் பரிவு எளிதில் எட்டாத பணிகளுக்கே இத்தகைய நிதி மிகவும் தேவை. ஆகவே வாக்கெடுப்போடு, ஊரறிந்த ஒரு குழு நேரடியாக ஒதுக்கும் பங்கும் இருப்பதே சரியான ஏற்பாடாகும்.

ஊதியம் குறித்த கேள்வி

கடை ஊழியர்களே உதவி தேவைப்படுபவர்களாக இருக்கிறார்கள் என்பது புதிய செய்தியல்ல. சில்லறை வணிகத் தொழிலாளர்களுக்கான ரீடெய்ல் டிரஸ்ட் 1832 முதலும், மளிகைத் தொழிலில் உள்ளவர்களுக்கான குரோசரி எய்ட் 1857 முதலும் இயங்கிவருகின்றன. உணவு வங்கிகளை நாடுவோரிலும் வேலைக்குப் போகிறவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன.

2022 ஜூலையில் செயின்ஸ்பரிஸ் பேரங்காடி நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஷேர்ஆக்‌ஷன் என்ற அமைப்பு ஒருங்கிணைத்த முதலீட்டாளர்கள் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். வாழ்க்கைச் செலவின் அடிப்படையில் கணக்கிடப்படும் தன்னார்வ ஊதிய விகிதத்தை, ஒப்பந்த முறையில் வேலைசெய்யும் துப்புரவாளர்கள், காவலாளர்கள் உட்பட அனைவருக்கும் வழங்குவதாக நிறுவனம் உறுதிச்சான்று பெற வேண்டும் என்பது கோரிக்கை. தன் நேரடி ஊழியர்களின் ஊதியத்தை அந்த ஆண்டு உயர்த்தியிருந்த நிறுவனம், ஊதியத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை வெளியமைப்பு ஒன்றிடம் விட முடியாது என்று எதிர்த்தது. ஏறத்தாழ 17 சதவீத வாக்குகள் மட்டுமே கிடைத்ததால் தீர்மானம் தோற்றது. அறப்பணி நல்கைக்குப் பங்குதாரர்கள் பெரும்பாலும் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை, ஏனெனில் அது விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் கூடியது. ஊதியமோ ஒருமுறை உயர்ந்தால் நிலையான கடப்பாடு. ஓர் ஊரில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை தரும் கடை அந்த ஊருக்குச் செய்யும் மிகப் பெரிய பொருளாதாரச் செயல் அது வழங்கும் ஊதியமே என்பதால், அறப்பணித் தொகையைத் தனியே எடுத்து வைத்துப் பாராட்டுவது அரைகுறை மதிப்பீடாகவே இருக்கும்.

இந்தியச் சட்டம் போட்ட கோடு

இந்திய வாசகர்களுக்கு இங்கே ஒரு பயனுள்ள ஒப்பீடு கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. தான் இயங்கும் பகுதிக்கும் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. பெரிய துணிக்கடைகளும் பேரங்காடிகளும் இந்த வரம்புகளை எட்டினால் அவற்றுக்கும் இது பொருந்தும்.

பிரிட்டனின் அறிக்கைகளில் கலந்து கிடக்கும் ஊற்றுகளை இந்திய அரசின் விளக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகின்றன.

1. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்தரும் செலவு இதில் சேராது.

2. பொருளாகக் கொடுத்ததை ரூபாய் மதிப்பாக மாற்றிக் கணக்குக் காட்ட முடியாது. சட்டம் செலவிட வேண்டும் என்கிறது. ஆகவே மீந்த அரிசி மூட்டைக்கு விலை போட்டு இரண்டு சதவீதத்தை நிரப்ப வழியில்லை.

3. ஊழியர்களைத் தொண்டில் ஈடுபடுத்துவது ஊக்குவிக்கப்படுகிறது. ஆனால் அவர்களுடைய நேரத்துக்கு விலை போட்டுச் செலவாக எழுத அனுமதி இல்லை.

4. இந்தத் தொகையை வணிகச் செலவாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது.

கணக்கின் தெளிவு என்ற அளவில் இது பிரிட்டனின் முறையைவிட மேலானது. வாசிப்பவர் தொகையைப் பார்த்த உடனே அது நிறுவனத்தின் பணம் என்று கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. மாலையில் மீந்த காய்கறியையும் ரொட்டியையும் ஸ்கேன் செய்து அருகிலுள்ள விடுதிக்கு அனுப்பவும், கிடங்கு மேலாளரை ஆறு மாதம் ஊதியத்தோடு ஒரு தொண்டு அமைப்புக்கு அனுப்பவும் முன்வரும் இந்தியப் பேரங்காடிக்கு, அந்த இரண்டும் இரண்டு சதவீதக் கணக்கில் ஒரு ரூபாயாகக்கூட வரவு வைக்கப்படுவதில்லை. பணத்தை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்ற நிலைக்கு இது நிறுவனங்களைத் தள்ளுகிறது. மீந்த உணவையும் ஊழியர் நேரத்தையும் ரூபாயாக மாற்றாமல், இத்தனை டன், இத்தனை மணி நேரம் என்று ஆண்டறிக்கையில் தனி வரிகளாக வெளியிடச் செய்தால், இந்தத் தெளிவை இழக்காமலே அந்தக் குறையைச் சரிசெய்யலாம். அதற்கு இரண்டு சதவீத விதியைத் தொட வேண்டியதும் இல்லை.